பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் கலந்தொலிக்கும் ஒசூரில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞனுக்கு, எழுத்தில் பெரியது சிறியது என்னும் பேதம் தாய்மொழியோடு வந்ததன்று. அம்மூன்று லிபிகளிலும் அத்தகைய பேதமே கிடையாது. ஆங்கிலப் பாடத்தோடு வந்து சேர்ந்த அந்தச் சம்பிரதாயம் பள்ளியில் மதிப்பெண்ணுக்குரிய ஓர் ஒழுங்காகவே போதிக்கப்படுகிறது. கம்ப்யூட்டரிடமோ அதனால் பொருளே மாறிவிடுகிறது.

1963இல் வெளியான ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டில் சிறிய எழுத்துக்களுக்கு இடமில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவை சேர்ந்தன. பெரிய 'ஏ'வுக்கு 65, சிறிய 'ஏ'வுக்கு 97. இவ்வாறு ஒவ்வோர் எழுத்துக்கும் 32 வித்தியாசம், அதாவது ஒரே ஒரு பிட் (இரும இலக்கம்). நாம் ஓர் எழுத்தென்று கருதுவதை யந்திரம் இரண்டு எண்களாகவே அறியும். அந்தப் பேதத்தை யூனிக்ஸ் இயங்குதளமும் சி என்னும் புரோகிராம் மொழியும் அப்படியே பாராட்டின. லினக்ஸ், ஜாவா, பைத்தான் யாவும் அவ்வழியே வந்தவை.

அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வேரூன்றிய ஒசூர் வட்டாரத்தில் இவ்விஷயம் விசேஷ முக்கியத்துவம் பெறுகிறது. ஆலைகளில் யந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் மொழிகளுக்கான சர்வதேசத் தரத்தில், பெயர்களுக்குள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அதில் பழகிய இளைஞன், அத்திப்பள்ளியைக் கடந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் பைத்தான் எழுத அமரும்போது, தான் ஒன்றென்று எண்ணிய பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறான். கோப்புப் பெயரில் இந்தப் பேதம் பாராத விண்டோஸில் பிழையின்றித் திறந்த கோப்புக்கு, லினக்ஸ் சர்வருக்குப் போனதும் 'இல்லை' என்று பதில் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்தப் பேதத்தையே ஒழித்துவிடலாமே என்பார் உண்டு. ஆனால் அது எளிதன்று. துருக்கி மொழியில் சிறிய 'ஐ'யின் பெரிய வடிவம் மேலே புள்ளியுடையது, ஆங்கிலத்தில் புள்ளியற்றது. ஆகவே பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பாவிக்கும் விதியே மொழிக்கு மொழி மாறுகிறது. மேலும், வாட் அளவையின் முன் நிற்கும் 'எம்' சிறியதானால் மில்லி, பெரியதானால் மெகா. இடையிலுள்ள வித்தியாசம் நூறு கோடி மடங்கு. யந்திரம் பேதம் பார்ப்பதே நேர்மையான வழி என்பது என் திடமான அபிப்பிராயம்; அதே சமயம், எழுத்தின் அளவால் மட்டுமே வேறுபடும் இரு பெயர்களை ஒரே புரோகிராமில் வைப்பது படிப்பவனுக்குச் செய்யும் அநீதி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரே கோப்பை விண்டோஸிலும் லினக்ஸிலும், ஒரே பெயரைப் பி.எல்.சி.யிலும் பைத்தானிலும் இட்டு, விளைவு மாறுவதை முதல் வாரத்திலேயே மாணவர் கண்முன் நிகழ்த்திக் காட்டுங்கள்.