கணக்கில் ஏறாத புகை: விமானப் பயணமும் தட்பவெப்ப நிலையும்

கோலார் தங்க வயலின் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது புலரும் முன்னரே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இந்நகரத்து உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்பலாயினர். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே விமானங்களும் நாள்தோறும் பல முறை பறக்கின்றன. நிலத்தில் செல்பவருடைய பயணத்தால் வளிமண்டலத்தில் சேரும் சுமை சிறிது. வானில் செல்பவருடையது பெரிது. இவ்வேறுபாட்டை நமது வளர்ச்சித் திட்டங்கள் கணக்கில் கொள்கின்றனவா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

எரிபொருளும் புகையும்

ஒரு கிலோ விமான எரிபொருள் எரியும்போது ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. காற்றிலுள்ள பிராணவாயு எரிபொருளிலுள்ள கரியுடன் சேர்வதால்தான் எரித்த எடையைக் காட்டிலும் வெளிவரும் எடை மிகுதியாக உள்ளது. இத்துடன் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நீராவியும் கரித்துகள்களும் வெளிப்படுகின்றன. மிகு உயரத்துக் குளிர்ந்த காற்றில் நீராவி உறைந்து, விமானத்தின் பின்னே வெண்ணிறக் கோடாக நீள்வதைப் பலரும் கண்டிருப்போம். இக்கோடுகள் சில வேளைகளில் மெல்லிய மேகமாகப் பரவி, புவியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் விமானப் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 2.5 சதவீதம். மேக விளைவு முதலியவற்றையும் சேர்த்தால், மனிதச் செயல்களால் நேரும் வெப்ப விளைவில் அதன் பங்கு 3.5 சதவீதம் அளவுக்கு உயர்கிறது என்று அறிவியலார் மதிப்பிடுகின்றனர்.

விமானம் தரையிலிருந்து மேலெழும்போதுதான் எரிபொருளை மிகுதியாக விழுங்குகிறது. எனவே குறுகிய தூரப் பயணத்தில் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஆகும் எரிபொருள் நெடுந்தூரப் பயணத்தைவிட அதிகம். ஏறத்தாழ 180 இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்று சென்னையிலிருந்து பெங்களூர் செல்லச் சுமார் 2 டன் எரிபொருள் தேவைப்படும் எனக் கொண்டால், இருக்கைகள் முழுவதும் நிரம்பியிருப்பினும் பயணி ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் கரியமில வாயு சேர்கிறது. மின்சார ரயிலுக்கான மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது என்பது உண்மைதான். அவ்வாறாயினும் ரயில் பயணியின் பங்கு இதில் ஒரு சிறு பகுதியே ஆகும்.

விரியும் நிலையங்கள்

2014இல் நம் நாட்டில் 74 விமான நிலையங்கள் இயங்கின. பத்தாண்டுகளில் இந்த எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. 2024இல் உள்நாட்டு விமானங்களில் 16 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் பதிவாயின. 2008இல் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்துக்கு 2019இல் இரண்டாம் ஓடுபாதையும், 2022இல் ஆண்டுக்கு இரண்டரைக் கோடிப் பயணிகளை ஏற்கவல்ல இரண்டாம் முனையமும் கிடைத்தன. 2022இல் காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் சென்னைக்கு இரண்டாம் விமான நிலையம் அறிவிக்கப்பட்டபோது, விளைநிலங்களையும் ஏரிகளையும் இழக்க நேரும் ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

விமான நிலையங்கள் சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்குவது பாராட்டுக்குரியது. கொச்சி நிலையம் 2015இலேயே இதற்கு வழிகாட்டியது. ஆனால் நிலையத்தின் விளக்குகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் ஆகும் ஆற்றல், அங்கிருந்து புறப்படும் விமானங்கள் எரிக்கும் எரிபொருளோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. கட்டடம் பசுமையாக இருப்பதால் பயணமும் பசுமையாகிவிடாது.

சயனைடு மேடுகள் கூறும் பாடம்

தங்க வயலில் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெட்டியெடுக்கப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் இத்தங்கத்தின் பொருட்டே. தங்கம் சென்றுவிட்டது. அதைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண் மேடுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசியைச் சுவாசிப்போர் தங்கத்தில் பங்கு பெறாத தொழிலாளர் குடும்பத்தினர். வரவு ஓரிடத்திலும் செலவு வேறோரிடத்திலும் எழுதப்பட்டதன் விளைவு இது. பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர்.

விமானப் புகையும் இத்தகையதே. 2018ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ 11 சதவீதத்தினரே விமானத்தில் பறந்தனர் என்பது ஒரு மதிப்பீடு. வறட்சியும் வெள்ளமும் மிகும்போது முதலில் துன்புறுவோர் எஞ்சியவர்களே. மேலும், 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும் அதைத் தொடர்ந்த ஒப்பந்தங்களும் பன்னாட்டு விமான எரிபொருளைப் பெரும்பாலும் வரிக்கு அப்பால் நிறுத்தின. பன்னாட்டு விமானப் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்க்கப்படாமல் தனிக் குறிப்பாகவே காட்டப்படுகிறது. வளர்ச்சியால் மிகும் புகைக்கு ஈடு செய்யும் பன்னாட்டுத் திட்டம் 2016இல்தான் உருவாயிற்று. இந்தியா அதில் பங்கேற்க வேண்டிய ஆண்டு 2027.

செய்யத்தக்கவை

விமானப் பயணத்தையே கைவிட வேண்டும் என்று எவரும் கூறார். கடல் கடந்த பயணத்துக்கும், வடகிழக்கு மாநிலங்கள், தீவுகள் போன்ற தொலைவிடங்களுக்கும், அவசர மருத்துவத்துக்கும் அது இன்றியமையாதது. விமானப் புகையில் பெரும்பகுதி நெடுந்தூரப் பயணங்களிலிருந்தே வருகிறது. அங்கு மாற்று எரிபொருளே நாட வேண்டிய வழி. பன்னாட்டு விமானங்களின் எரிபொருளில் 2027இல் 1 சதவீதமும், 2030இல் 5 சதவீதமும் மாற்று எரிபொருள் கலப்பதை நம் நாடு இலக்காக வகுத்துள்ளது.

குறுந்தூரத்திலோ தீர்வு தண்டவாளத்திலேயே உள்ளது. பெங்களூரின் இரண்டாம் முனையம் தொடங்கிவைக்கப்பட்ட 2022 நவம்பர் 11ஆம் நாளிலேயே சென்னை–மைசூர் வந்தே பாரத் ரயிலும் கொடியசைத்து அனுப்பப்பட்டது. அது சென்னையிலிருந்து பெங்களூரை ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் அடைகிறது. விமானம் பறப்பது ஒரு மணி நேரமே. எனினும் நிலையத்துக்குச் செல்வதும் சோதனையும் காத்திருப்பும் மறுமுனையில் நகரை அடைவதும் சேர்ந்தால் வேற்றுமை பெரிதும் சுருங்கிவிடுகிறது. பிரான்சு நாடு, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் செல்லக்கூடிய வழித்தடங்கள் சிலவற்றில் 2023 முதல் விமானப் பயணத்தை விலக்கியிருக்கிறது.

ஆகவே புதிய விமான நிலையத் திட்டம் ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். எதிர்பார்க்கப்படும் பயணிகளுள் ரயிலில் செல்லக்கூடியவர் எத்தனை பேர்? அங்கிருந்து புறப்படும் விமானங்களின் புகை திட்டச் செலவில் சேர்க்கப்பட்டுள்ளதா? அதே தொகையை ரயில் பாதைக்குச் செலவிட்டால் எத்தனை பேர் பயனடைவர்? மூன்றாம் வினாவுக்கு விடை தேடுவோர் மாரிக்குப்பத்தில் விடியலுக்கு முன் ரயிலுக்குக் காத்திருப்போரை மறத்தலாகாது. கணக்கில் எழுதாமல் விட்ட செலவு மறைந்துவிடுவதில்லை. யாரேனும் அதைச் செலுத்தியே தீர வேண்டும் என்பதற்குத் தங்க வயலின் மண்மேடுகளே சான்று.