உங்களுக்குத் தெரியுமா? தட்கல் நேரத்தில் சர்வர் திணறுவது ஏன்?

புதுக்கோட்டை வழியாகச் சென்னை செல்லும் போட் மெயிலுக்குத் தட்கல் டிக்கெட் எடுப்பவர், நாடு முழுவதும் அதே நொடியில் முயல்பவர்களோடு போட்டியிடுகிறார். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 என 2015இல் பிரித்ததே சர்வர் சுமையைக் குறைக்கத்தான். நல்ல முடிவு!

சுமை கொஞ்சம் ஏறினாலே தாமதம் எகிறிவிடும். கோரிக்கைகள் தாறுமாறாக வந்து ஒரே வரிசையில் நின்றால், சர்வர் பாதித் திறனில் இயங்கும்போது ஒரு கோரிக்கை முடிய அதன் வேலை நேரத்தைப்போல் சராசரியாக 2 மடங்கு ஆகும். 90 சதவீதத்தில் 10 மடங்கு. 95இல் 20 மடங்கு! வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்கு இது. பொறுமையிழந்து 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலும் புதுக் கோரிக்கையாக வரிசையில் சேர்ந்து எல்லோரையும் தாமதப்படுத்தும்.