உஷார்! தொட்டி மீனை ஓயாவில் விடாதீர்கள்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் கொஞ்சம் நில்லுங்கள். பெருத்துப்போய்த் தொட்டிக்குள் அடங்காத மீனைக் காசல்ரீயிலோ, மவுசாக்கலையிலோ, கொத்மலை ஓயாவிலோ, தோட்டத்து ஓடையிலோ விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். "பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்று இரக்கப்பட்டுச் செய்கிற இந்தக் காரியம் ஓர் ஆற்றையே பாழாக்கும். சும்மா பயமுறுத்தவில்லை. பொல்கொல்லையில் நடந்தாயிற்று. தெதுரு ஓயாவில் நடந்துகொண்டிருக்கிறது.

முதல் ஆசாமி 'டேங்க் கிளீனர்'. கலர் மீன் வாங்கப் போனால், தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லிக் கடைக்காரர் விரல் நீளக் கறுப்பு மீன் ஒன்றையும் பையில் போட்டுத் தருவாரே, அதுதான். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. ஆனால் அது அமேசன் ஆற்றுப் பக்கத்து மீன். ஒரு அடிக்கு மேல் வளரும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, முதுகிலும் பக்கத்திலும் விறைத்த முள். தங்கூசி வலையில் மாட்டினால் முள்ளை விரித்துக்கொள்ளும். கண்ணியை அறுக்காமல் எடுக்க முடியாது. தண்ணீரில் காற்றுக் குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு வாங்கும். தரையில் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். ஆண் மீன் காவல் இருக்கும். வளை பெருகப் பெருகக் கரை சரியும்.

களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உபாலி அமரசிங்க இலங்கையின் நீர்த்தேக்க மீன்பிடியைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை வள்ளம் இறங்கலாம், எவ்வளவு பிடித்தால் அடுத்த வருடத்துக்கும் மீன் மிஞ்சும் என்பவையெல்லாம் அவருடைய துறையின் கேள்விகள். அவரும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் ஆராய்ந்த மீன் எது தெரியுமா? இதே டேங்க் கிளீனர்தான். அது எப்படிப் பெருகுகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, எவ்வளவு சாகிறது என்று பார்த்தார்கள். தப்பி வந்த ஒன்றிரண்டு மீனுக்கு யாரும் இப்படிக் கணக்குப் போட மாட்டார்கள். அங்கே அது குடியேறிக் குடும்பமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

பொல்கொல்ல எங்கே, நாம் எங்கே என்று கேட்காதீர்கள். தலவாக்கலையில் ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் விழுந்து, கம்பளை, பேராதனை, கண்டி தாண்டிப் பொல்கொல்லைக்குத்தான் போகிறது. இடையில் கொத்மலை அணை இருக்கிறது. அதற்கு மேலே தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணை இருக்கிறது. கீழே இருக்கும் மீன் இந்தச் சுவர்களில் ஏறி மேலே வர முடியாது. ஆனால் ஒரு பொலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றி, ஒட்சிசன் அடித்து, ரப்பர் பேண்ட் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் இரண்டு அணையையும் இரண்டு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். மலைக்கு மீனை ஏற்றுவது ஆறு அல்ல, நாம்தான்.

ஏறாத மீன் இறங்கும், அதையும் யோசியுங்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைமாடு நம் மலைதான். காசல்ரீயில் நிற்கும் கெஹெல்கமு ஓயாவும், மவுசாக்கலையில் நிற்கும் மஸ்கெலி ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. நோர்வூட்டில் ஒருவர் கவிழ்த்த மீன் வான் பாயும் நாளில் கித்துல்கல பக்கம் இறங்கினால் அதைத் திரும்பக் கூப்பிட ஆளில்லை.

கித்துல்கல பக்கம் அப்படி என்ன இருக்கிறது? களனியின் மேல்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு கெண்டை இனம் அங்கே இருக்கிறது. ரொஹான் பெத்தியாகொடவும் மொரிஸ் கொட்டலாவும் 1989இல் அதற்கு 'அசோகா' என்று பெயரிட்டு அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பெத்தியாகொட படிப்பால் பொறியியலாளர். இலங்கையின் நன்னீர் மீன்களைப் பற்றி 1991இல் நூல் எழுதினார். பிற்பாடு இலங்கைத் தேயிலைச் சபைக்கே தலைவராக இருந்தார். 2022இல் லண்டன் லினியன் சங்கத்தின் பதக்கம் பெற்றார். தேயிலையையும் தெரிந்து, ஓடையையும் தெரிந்த மனிதர். மலைநாட்டு ஓடைகளில் என்ன இருக்கிறது என்று நமக்கு ஓரளவாவது தெரிவது இப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான்.

மகாவலிப் பக்கம் இன்னொரு மீன் இருக்கிறது. வேகமாக ஓடும் ஆழமான தண்ணீரில், பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழும் பெரிய சேல் வகை. 1917இல் அறிவியல் பெயர் பெற்றது, இலங்கைக்கே உரியது. அணைகள் வந்து ஓட்டம் நின்றதிலேயே அதன் பாடு திண்டாட்டம். டேங்க் கிளீனர் சுரண்டுவதும் அதே பாறைப் பாசியைத்தான். அதன் சோற்றில் கை வைக்க இன்னொருவனை நாமே கொண்டுவந்து விடலாமா?

இரண்டாவது ஆசாமி இதைவிட மோசம். தென்கிழக்காசியாவின் ராட்சத விரால். குஞ்சில் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடும், பார்த்தால் ஆசை வரும். வளர்ந்தால் கோடு மறையும், உடம்பு ஒரு மீட்டரையும் தாண்டும். கண்ணில் பட்ட மீனையெல்லாம் விழுங்கும். குருநாகல் மாவட்டத்தில் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் அண்மையில் தலைகாட்டியது இதுதான். யாரோ வளர்த்து விட்டது என்றே சந்தேகம். வழக்கமாகக் கிடைத்துவந்த மீன் குறைந்துபோனதாக அங்குள்ள மீனவர்கள் புலம்புகிறார்கள். தூண்டில் போட்டி கூட வைத்துப் பார்த்தார்கள், ஒழிந்தபாடில்லை.

வெளியுலகக் கதையும் இதேதான். மெக்சிகோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கம் திலாப்பியாவுக்குப் பேர்போன இடம். டேங்க் கிளீனர் புகுந்த பின் வலையில் ஏறியதெல்லாம் பெரும்பாலும் விலைபோகாத அந்த மீன்தான். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் விட்ட நைல் பெர்ச் மீன் அங்கிருந்த நூற்றுக்கணக்கான சிறு மீன் இனங்களைத் துடைத்தெடுத்தது. தமிழ்நாட்டில் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் களவாக வளர்த்தால், அதிகாரிகள் குளத்தோடு அழிக்கிறார்கள்.

"ஏன், திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தானே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. 1952இல் அரசே கொண்டுவந்து விட்டது. இன்று நம் தட்டுக்கு வரும் குளத்து மீனில் பெரும்பங்கு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு திணைக்களம் யோசித்து, பொறுப்பேற்று விடுவது வேறு. நாம் இருட்டில் வாளியைக் கவிழ்ப்பது வேறு. யோசித்துச் செய்ததிலும் சறுக்கியது உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க 1880களிலிருந்து நுவரெலியாப் பக்கம் டிரவுட் மீனைக் கொண்டுவந்தார்கள். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் மட்டுமே வாழும் சின்ன இறால் ஒன்று இருக்கிறது. அதற்கு டிரவுட்டால் ஆபத்து என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் கவலைப்படுகிறார்கள்.

"நம்ம குளிருக்கு அந்த மீனெல்லாம் தாங்காது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நுவரெலியா நகரத்துக் குளிர் டேங்க் கிளீனருக்கு ஒத்துவராமல் போகலாம். ஆனால் காசல்ரீயும் மேல் கொத்மலையும் எழுநூறு, எண்ணூறு மீட்டர் கீழே இருக்கின்றன. கொத்மலை நீர்த்தேக்கம் இன்னும் கீழே. அங்கே தண்ணீர் அவ்வளவு குளிராது. குளிரை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

இனி என்ன செய்யலாம்?

வாங்கும்போதே கேளுங்கள்: இந்த மீன் எவ்வளவு பெரிதாகும்? கடைக்காரர் மழுப்பினால் வாங்காதீர்கள்.

தொட்டி போதாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். யாரும் எடுக்காவிட்டால், மனது கஷ்டமாக இருந்தாலும், ஒரு பாத்திரத் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைத் தாராளமாகக் கலந்து மீனை அதில் விடுங்கள். மயங்கி, வலியில்லாமல் போய்விடும். பிறகு மண்ணில் புதையுங்கள்.

நேர்த்தி, புண்ணியம், பிறந்தநாள் என்று கோயில் தீர்த்தக் கிணற்றிலும் ஓடையிலும் கடை மீனை விடாதீர்கள். முற்றத்துச் சிமெந்துத் தொட்டியில் வளர்ப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே வலை போட்டு மூடுங்கள். தொட்டி வழிந்தால் தண்ணீர் போவது கானுக்கு, கான் போவது ஓடைக்கு.

தூண்டிலிலோ வலையிலோ இந்த மீன்கள் மாட்டினால் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள். உயிரோடு வேறிடம் கொண்டுபோகவும் வேண்டாம். போட்டோ எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, மீன்பிடிப் பரிசோதகருக்கோ 'நக்டா' என்கிற தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கோ சொல்லுங்கள். ஆள் தெரியாவிட்டால் கிராம சேவகரிடமாவது சொல்லுங்கள்.

முக்கியமாக, அந்த மீனை ஒழிக்கிறேன் என்று தேயிலைக்கு அடிக்கும் மருந்தை ஓடையில் ஊற்றிவிடாதீர்கள். நஞ்சு போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தத் தண்ணீர்தான் கீழ் லயத்துப் பீலிக்கு வருகிறது.

ஆசிரியர்மாரே, பாடசாலை மீன் தொட்டி வைத்திருந்தால் நீண்ட விடுமுறைக்கு முன் யார் வீட்டுக்கு அந்த மீன் போகும் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். "சேர், ஓடையில் விட்டுட்டோம்" என்று பிள்ளைகள் வந்து சொன்ன பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.