மூடி வைக்காத ரகசியம்

கிதாரின் குரலை மாற்றும் கம்பிச் சிற்பங்கள்

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் தலைநகரம் நாஷ்வில். பாட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ‘டோண்ட் வொர்ரி’ என்னும் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவே கிரேடி மார்ட்டின் என்ற வாத்தியக்காரர் தமது ஆறு தந்தி பேஸ் கிதாரை மீட்டினார். வழக்கமான இனிய நாதம் வரவில்லை. தொண்டை கட்டிய யானை பிளிறுவது போல, கரகரவென்று ஒரு சத்தம் வந்தது!

ஒலிகளைக் கலந்து பதிவு செய்யும் மேஜையில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதாகியிருந்ததே காரணம். கோளாறு என்று தெரிந்ததும் பதிவை அழித்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்வதுதான் உலக வழக்கம். ஆனால் அன்று அப்படிச் செய்யவில்லை. அந்தக் கரகரப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-ல் வெளிவந்த அந்தப் பாட்டு, ‘கண்ட்ரி’ பாடல்களின் வரிசையில் முதலிடத்தைப் பிடித்தது.

‘எங்களுக்கும் அந்தச் சத்தம் வேண்டும்’ என்று மற்ற வாத்தியக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் பழுதான டிரான்ஸ்பார்மரோ அதற்குள் அடியோடு உயிரை விட்டிருந்தது. ஒலிப்பதிவு எஞ்சினீயர் கிளென் ஸ்னாடி யோசித்தார். தற்செயலாக வந்த கோளாறை வேண்டும்போது வரவழைத்தால் என்ன? ரேவிஸ் ஹாப்ஸ் என்ற மற்றோர் எஞ்சினீயரும் அவரும் சேர்ந்து, மூன்று டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு ஒரு சிறு கருவியைச் செய்தார்கள். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி, ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் 1962-ல் விற்பனைக்கு விட்டது. காலால் ஒரு மிதி மிதித்தால் கிதார் கரகரக்கும். மறுபடி மிதித்தால் பழைய குரல் திரும்பும். முதலில் அது கடைகளில் தேங்கித்தான் கிடந்தது. 1965-ல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ‘சாடிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் அதை உபயோகித்தார். அவ்வளவுதான், தேங்கிய சரக்கெல்லாம் பறந்துவிட்டது!

தம்புராவும் இதைத்தான் செய்கிறது

கரகரப்பில் என்ன இனிமை என்று நம்மவர் கேட்க வேண்டியதில்லை. தம்புராவைச் சுருதி சேர்ப்பவர், குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு சிறு நூலைச் செருகி இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார். சரியான இடம் வந்ததும் வெறும் ‘டிங்’ என்றிருந்த தந்தி ரீங்காரமிட்டுப் பாடுகிறது. அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். நூலினால் தந்தி குதிரையின்மேல் உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலில் மேல் ஸ்வரங்கள் பல கூடவே பிறக்கின்றன. வீணை, தம்புராக்களின் இந்த விசித்திரத்தை ஆராய்ந்து ஸர் சி. வி. ராமன் 1921-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.

நூல் செய்வதை மின்சாரத்தால் செய்கிறது ‘ஃபஸ்’ பெடல். கிதார் தந்தியின் அதிர்வை ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் மிகச் சிறிய மின்னலையாக மாற்றுகின்றன. டிரான்ஸிஸ்டர் அதைப் பெருக்குகிறது. ஆனால் பாட்டரியின் அளவுக்கு மேலே அலை எழும்ப முடியாது. வாசற்படியில் நெட்டையான ஆள் தலையை இடித்துக்கொள்வதுபோல அலையின் உச்சி அங்கே இடிபடுகிறது. மலைச் சிகரத்தைச் சீவி மேடாக்கியது போல அதன் வடிவம் மாறுகிறது. அப்படிச் சீவப்பட்ட அலையில்தான் அந்த மேல் ஸ்வரங்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன.

பதினொன்றே சாமான்கள்

1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி ‘ஃபஸ் ஃபேஸ்’ என்று ஒரு பெடலை வெளியிட்டது. மைக் நிற்கும் தாங்கியின் வட்டமான இரும்பு அடிப்பாகத்தைப் பார்த்துத்தான் அதன் கூட்டுக்கு யோசனை பிறந்ததாம். இரண்டு குமிழ்களும் இரண்டு கண்களாக, பார்த்தால் ஒரு முகம்! ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற மேதையின் காலடியில் கிடந்து அது உலகப் புகழ் பெற்றது.

அந்தக் கூட்டைத் திறந்து பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். உள்ளே இரண்டு டிரான்ஸிஸ்டர்கள், நான்கு ரெஸிஸ்டர்கள், மூன்று கண்டென்சர்கள், திருகும் குமிழ்கள் இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று! இவற்றோடு ஒரு 9 வோல்ட் பாட்டரி, ஒரு மிதி ஸ்விட்ச், செருகு துளைகள் இரண்டு. ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் இந்தச் சாமான்கள்தாம் பெரிய மைதானங்களை அதிர வைத்தன. இன்றும் வீட்டில் முதன்முதலாகப் பெடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

சாமான்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால் ஒரு சிக்கலும் வந்தது. எவரும் பார்த்துச் செய்துவிடலாம் அல்லவா? ஆகவே, பெடல் செய்து விற்பவர்களில் சிலர் உள்ளே இருப்பதன்மேல் கறுப்புப் பசையை ஊற்றி இறுக வைத்துவிடுவதுண்டு. ரகசியம் காப்பாற்றப்படுகிறது, ஆனால் நாளை ஒரு கண்டென்சர் கெட்டால் அதை மாற்ற வழியில்லை. முழுப் பெடலும் குப்பைக்குத்தான்!

இதற்கு நேர் எதிரான வழியில் போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பசை ஊற்றுவதில்லை. சாமான்களைப் பதிக்கும் பலகையைக்கூட வைத்துக்கொள்வதில்லை. பதினொரு சாமான்களையும் வெறும் கம்பியால் இணைத்து, காற்றில் நிற்கும் ஒரு சிற்பமாகக் கட்டுகிறார்கள். மின்சாரத்தைக் கொண்டுசெல்வதும் அந்தக் கம்பிதான். பாரத்தைத் தாங்குவதும் அதே கம்பிதான்.

பலகை பிறகு வந்ததே

பார்க்கப் புதுமை, உண்மையில் இது பழைய முறை. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் பிறந்த முதல் டிரான்ஸிஸ்டரே பலகையில் பிறக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஆப்பின்மேல் தங்கத் தகட்டை ஒட்டி, ஜெர்மானியத் துண்டின்மீது ஒரு வில்கம்பியால் அமுக்கி வைத்திருந்தார்கள். பழைய வால்வு ரேடியோக்களின் அடிவயிற்றிலும் சாமான்கள் ஒன்றோடொன்று நேராகப் பிணைக்கப்பட்டிருந்தன. செம்புக் கோடுகள் பதித்த பலகைக்கு லண்டனில் வாழ்ந்த பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியர் வழிகாட்டினார். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின்னரே அது எங்கும் பரவியது. மலிவு, வேகம், ஒரே அச்சு என்று அதனால் வந்த லாபங்கள் பல. போனது ஒன்றே ஒன்று: மின்சாரம் போகும் பாதையைக் கண்ணால் பின்தொடரும் வசதி.

கோலம் போட்டுக் கட்டுவது

கட்டும் முறையைப் பார்ப்போம். முதலில் தாளில் உண்மையான அளவிலேயே படம் வரைகிறார்கள். புள்ளி வைத்துக் கோலம் போடுவது போலத்தான். புள்ளிகள் பற்றவைக்கும் இடங்கள், கோடுகள் கம்பிகள். பலகையில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால் தொல்லை. இங்கோ ஒரு கம்பி மற்றொன்றின் மேலாக வளைந்து தாண்டிவிடலாம். காற்றில் இடத்துக்குப் பஞ்சமா?

ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைக் கம்பியோ வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியோ எடுப்பார்கள். செம்புக் கம்பியின் ஒரு முனையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, மறுமுனையைக் குறடால் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கோணல் நீங்கி விறைப்பாகிவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவான ‘எர்த்’ கம்பியை ஒரு வளையமாக வளைத்து அடியில் வைப்பார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போல, சிற்பத்துக்கு அந்த வளையம். அதிலிருந்து தூண்கள் எழும்பும். நீண்ட கம்பிக்கு முட்டுக் கொடுக்க ரெஸிஸ்டரே போதும்.

பற்றவைப்பதில்தான் கைத்திறன் தெரியும். வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு கலந்த பற்றுக் கம்பி ஏறத்தாழ 190 டிகிரி சென்டிகிரேடில் முழுவதும் உருகிவிடும். ஒரு மூட்டைச் சுட வைக்கும்போது, சூடு கம்பி வழியே ஓடிப் பக்கத்து மூட்டையும் இளக்கிவிடக்கூடும். ஒன்றைக் கட்டும்போது மற்றொன்று அவிழ்கிறது! அதற்காக நடுவில் ஒரு முதலை வாய்க் கிளிப்பை மாட்டுகிறார்கள். சூட்டை அது குடித்துவிடும். ஜெர்மானிய டிரான்ஸிஸ்டர் சூடு பொறுக்காத ஜாதி. ஆகையால் அதைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். காரீயம் விஷம்; வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது. புகை முகத்தில் அடிக்காதபடி ஜன்னலோரம் உட்காருவதும் நல்லது.

காலுக்கு அடியில் சிற்பமா?

சிற்பத்தை மேஜைமேல் வைத்து அழகு பார்க்கலாம். பெடலோ மிதிபட வேண்டிய பொருள். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதில்தான் கட்டுபவரின் புத்திக்குச் சோதனை. மிதி ஸ்விட்சையும் செருகு துளைகளையும் கனமான அலுமினியப் பெட்டியில் பொருத்துகிறார்கள். சிற்பத்துக்கு ஒரு பக்கத்தில் தனி இடம். மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் கவிகை. காலின் பாரம் பெட்டியோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது எதிரி இரைச்சல். உலோகப் பெட்டி வீட்டு மின்சாரத்தின் ‘ஹம்’ என்ற முனகலைத் தடுக்கும், அக்ரிலிக் தடுக்காது. மறைப்பில்லாத கம்பி ஒரு சிறு ஏரியல்தானே! உள்ளே வரும் கம்பியில் ஒட்டிக்கொள்ளும் முனகலையும் டிரான்ஸிஸ்டர்கள் பலமடங்கு பெருக்கிவிடும். எனவே அந்தக் கம்பியை மிகக் குட்டையாக வைத்து, வெளியே போகும் கம்பிக்கு எட்டாத் தூரத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டும் நெருங்கினால் பெடல் கீச்சிட ஆரம்பிக்கும். அடியில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து ‘எர்த்’ வளையத்தோடு இணைத்தால் முனகல் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவதாக, பழைய ஜெர்மானிய டிரான்ஸிஸ்டரின் குணம். சூடு ஏறினால் அதில் கசியும் மின்சாரம் கூடி, குரலே மாறிப்போகும். பல பழைய ‘ஃபஸ்’ பெடல்களில் பாட்டரியின் நேர்முனையே ‘எர்த்’தோடு சேரும். மற்றப் பெடல்களோ அதற்கு நேர்மாறானவை. தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மின்கருவியில் இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். அதற்குத் தனிப் பாட்டரி கொடுப்பதே புத்திசாலித்தனம். 9 வோல்ட் பாட்டரி ஆளை அடிக்காது. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் வால்வு கருவிகளை இப்படித் திறந்த கம்பியில் கட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கலைஞரும் எஞ்சினீயரும்

மின்சாரச் சாமான்களையே கலையாக்கிக் காட்டியவர்களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்துப் பீட்டர் வோகல் (1937–2017) முக்கியமானவர். பௌதிகம் படித்தவர் அவர். அவருடைய கம்பிச் சிற்பங்களின் முன்னே ஒருவர் நடந்தால், நிழல் பட்ட இடமெல்லாம் ஒலி கிளம்பும். அதிலே அலங்காரத்துக்கென்று ஒட்டிய சாமான் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொன்றும் வேலை செய்கிறது.

அமெரிக்காவில் ஜிம் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற எஞ்சினீயர், புதிய சர்க்கியூட்டுகளைக் கையாலேயே கம்பிகளை அந்தரத்தில் பிணைத்துக் கட்டிப் பார்ப்பவர். அவர் 2011-ல் காலமானபின், சாமான்கள் குவிந்துகிடந்த அவருடைய வேலை மேஜையைக் கலிபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் சரித்திர மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

சில அன்பர்கள் முடிந்த சிற்பத்தை நிரந்தரமாக்க எண்ணித் தெளிவான ரெஸினில் வார்த்துவிடுவதும் உண்டு. கண்ணாடிக்குள் உறைந்த வண்டு போல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்புப் பசைக்கும் அதற்கும் நிறம்தான் வித்தியாசம். ஒரு மூட்டு விட்டுப்போனால் அழகு மட்டும் மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

திறந்த கம்பியில் கட்டியவருக்கு அந்தக் கவலை இல்லை. என்றாவது ஒருநாள் கச்சேரி நடுவே கிதார் ஊமையாகிவிடும். அவர் வீட்டுக்கு வந்து கவிகையைக் கழற்றுவார். கிதார் மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து கண்ணாலேயே வழி நடந்து போவார். ஏழாவது மூட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். இரும்பைச் சுட வைத்து ஒரு சொட்டு ஈயம் விட்டால், கிதார் மறுபடியும் கரகரக்கும்.

நாஷ்வில்லில் அன்று ஒரு கோளாறு, பாட்டாக மாறியது. அந்தப் பாட்டைப் பிறப்பிக்கும் கருவியில் கோளாறு வந்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வழியும் கருவியிலேயே திறந்து கிடக்கிறது. கம்பிச் சிற்பத்தின் உண்மையான அழகு அதுதான்.