தினமும் ஏழு வரி: வேலைப்பளுவுக்கு நடுவே எழுத்துப் பழக்கம்



படிவம் 5-இல் கட்டுரைப் பாடம் நடத்தும்போது நான் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "தினமும் கொஞ்சமாவது எழுதுங்க." பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "டீச்சர், நீங்க தினமும் எழுதுவீங்களா? எப்போ எழுதுவீங்க?"

"டீச்சருக்கு எங்கம்மா நேரம்?" என்று சமாளித்தேன். "எங்களுக்கும் அப்படித்தான் டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அந்த வாரம் நான் எழுதாத நாளே இல்லை. நாள் பாடத்திட்டம், புறப்பாட அறிக்கை, கூட்டக் குறிப்பு, புலனக் குழுவில் பெற்றோருக்குப் பதில், 38 கட்டுரைகளின் ஓரத்தில் சிவப்பு மையில் கருத்து. கை ஓயவே இல்லை. ஆனால் அதில் நானாக யோசித்து அமைத்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் போன வருஷத்து வாக்கியம், இல்லாவிட்டால் படிவத்தில் ஏற்கெனவே இருந்த வாக்கியம். மாணவர்களின் கட்டுரைகள் எல்லாம் "இன்றைய நவீன உலகில்" என்றே தொடங்குகின்றன என்று குறைப்படுகிற நான், அதையேதான் வேறு தாளில் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாளே ஆரம்பித்தேன். தினம் இரவு ஒரு பக்கம் என்று திட்டம். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. வெயிலில் நின்று வந்து படுத்தவள்தான். பதினோராம் நாள் இரண்டு பக்கம் எழுதி ஈடுகட்டலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் மூன்று பக்கம் கடன். அதோடு நோட்டுப் புத்தகம் அலமாரிக்குள் போய்விட்டது. உங்களில் பலருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்குவதற்கு முன், வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடிப் படித்தேன். அதில் எனக்கு மிகவும் பயன்பட்டவர் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப். 1834-இல் அஞ்சல் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 1867 வரை அந்த வேலையை விடவில்லை. வெறுமனே நாற்காலியைத் தேய்த்தவரும் இல்லை. பிரிட்டனில் தெருவோரத் தபால்பெட்டி வந்ததே அவர் கொடுத்த யோசனையால்தான். அப்படிப்பட்டவர் 47 நாவல்கள் எழுதியிருக்கிறார்.

அவருடைய முறை ரொம்ப எளிமையானது. காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு குறிப்பேடு போட்டு, தினமும் எத்தனை பக்கம் என்று பதிந்து வைப்பார். எழுதாத நாள் அதில் அப்படியே பளிச்சென்று தெரியும். வேலை நிமித்தம் ரயிலில் நிறையப் பயணம் செய்ய வேண்டியிருந்ததால், மடியில் பலகை வைத்துப் பென்சிலில் எழுதினார். மனைவி பிறகு அதைப் படியெடுத்துக் கொடுத்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. விடியற்காலையில் அவரை எழுப்பிக் காப்பி கொடுக்க வேலையாள் ஒருவர் இருந்தார். அதற்காக அவருக்கு வருஷத்துக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். நம் வீட்டில் 5 மணிக்கு மற்றவர்களை எழுப்புவதே நாம்தான்! ஆகவே டிரோலப்பின் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே விஷயங்களை எடுத்துக்கொண்டேன். அளவை முன்கூட்டியே முடிவு செய்வது ஒன்று. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஆரம்பிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். வெள்ளைத் தாளைப் பார்த்தபடி 'என்ன எழுதுறது' என்று உட்கார்ந்திருப்பதில்தான் பாதி நேரம் போகிறது. நேற்றைய வரிகளைப் படித்தால், அதில் சொல்லாமல் விட்டது ஏதாவது ஒன்று தட்டுப்படும்.

அடுத்தது, எங்கே, எப்போது. நான் 7 மணிக்குப் பள்ளிக்கு வந்துவிடுவேன். காரை நிறுத்திய பிறகு, இறங்குவதற்கு முன், பத்து நிமிஷம். ஸ்டீயரிங்கின் மேல் சின்ன நோட்டை வைத்துக்கொள்வேன். ஆசிரியர் அறைக்குள் கால் வைத்துவிட்டால் அந்தப் பத்து நிமிஷம் பிறகு கிடைக்கவே கிடைக்காது. ஏன் ஏழு வரி என்று கேட்பார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் என் கையால் ஏழு வரிதான் வந்தது.

'காலையில் எழுதுவேன்' என்பதைவிட 'காரை நிறுத்தியதும் எழுதுவேன்' என்பது பலமானது. முதலாவதில் தினமும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்ததும் கை தானாக நோட்டைத் தேடும். அந்த மாணவி தனக்கென்று கண்டுபிடித்த நேரம் வேறு. பள்ளி முடிந்து, மாலையில் தமிழ் வகுப்பு தொடங்கும் வரை கேண்டீனில் உட்கார்ந்திருப்பாளாம். சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு வந்ததும் ஏழு வரி. "தட்டு வச்சாச்சா, எழுதியாச்சா" என்று அவள் தோழிகள் கேலி செய்வார்கள்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று தன்முனைப்புப் பட்டறைகளில் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பது போல, ஒவ்வொருவரும் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். அது தன்னியல்பாக மாற எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டபோது, ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று வந்தது. நடுவான கணக்கு 66 நாள். தண்ணீர் குடிப்பதற்கே இப்படி என்றால், எழுதுவதற்கு இன்னும் கூடத்தான் ஆகும் என்பது என் கருத்து. எனக்கு ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இதைப் படித்தபோதுதான் என் முதல் முயற்சி ஏன் கவிழ்ந்தது என்று புரிந்தது. விளையாட்டுப் போட்டி நாளில் எழுதாதது தவறே இல்லை. மறுநாள் இரண்டு பக்கம் என்று வட்டி போட்டதுதான் தவறு. இப்போது என் விதி இதுதான்: விட்ட நாள் விட்டதுதான், அதற்கு ஈடு கிடையாது. மறுநாள் அதே ஏழு வரி. தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களில் இரண்டு வரியோடு நிறுத்திய நாட்களும் உண்டு.

சரி, எதை எழுதுவது? முதல் மாதம் முழுக்க ஆசிரியர் அறைப் புலம்பல்தான் எழுதினேன். பிறகு அதுவே சலித்துப் போனது. அப்பா அப்போது என்னோடு வந்து தங்கியிருந்தார். இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, கையில் இருந்த குழம்புக் கிண்ணத்தைக் காட்டி, "மங்கு மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் காரில் அதை எழுதினேன். மரத்தில் பால் வடிந்து விழுகிற கிண்ணம் மங்கு. அதன் பிறகு தினமும் ஒரு சொல்லாவது கேட்டு வைத்துக்கொள்வேன். விடியுமுன் ஆள் கணக்கெடுப்பது பெரட்டு. வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை மறுநாள் உரித்தெடுத்தால் ஒட்டுப்பால். தோளில் கட்டையைப் போட்டு இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டுச் சுமப்பது காண்டாவாளி. "விடிஞ்ச பிறகு வெட்டினா பால் கொறைஞ்சிடும்மா, வெயில் ஏறக் கூடாது" என்று அப்பா சொன்னதை அவர் பேச்சு மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறார். மங்கு என்றால் என்ன என்று நான் கேட்டால் சிரிக்கிறார், பதில் வருவதில்லை. நோட்டில் அவருடைய சொற்கள் 41 பக்கம் இருக்கின்றன. இரவு ஒரு பக்கம் என்று பெரிதாகத் திட்டம் போட்டுக் கைவிட்ட அந்த இரண்டு மாதங்களில் அவர் என்னென்ன பேசினாரோ, தெரியாது.

பேசுகிறபடியே எழுதினால் தமிழ் கெட்டுவிடாதா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1736-லிருந்து 1761-இல் இறக்கும் வரை, கப்பல், வியாபாரம், யுத்தம், சபை விவகாரம் என்று அத்தனை வேலைக்கும் நடுவே நாட்குறிப்பு எழுதினார். அன்றைக்குப் புழங்கிய பேச்சுத் தமிழில்தான் எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் ஏடுகளில் இடைவெளிகளும் இருக்கின்றன. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. தேர்வில் எழுத்துத் தமிழ்தான் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் நோட்டு தேர்வுத்தாள் இல்லையே.

மாணவர்களுக்கு இந்த நோட்டு தேர்வில் உதவுவது வேறு விதத்தில். மாதக் கடைசியில் சிவப்புப் பேனாவோடு முப்பது நாள் வரிகளையும் ஒரே மூச்சில் படியுங்கள். ஒரு கட்டுரையில் தெரியாத பிழை, முப்பது நாளில் தெரிந்துவிடும். அந்த மாணவி அப்படிப் பார்த்தபோது 'வீட்டுக்கு போனேன்', 'கடைக்கு போனேன்' என்று வந்த இடத்திலெல்லாம் வல்லினம் மிகாமலே இருந்தது. 'வீட்டுக்குப் போனேன்' என்று நான் பத்துத் தடவை திருத்தியிருப்பேன், அவளுக்கு உறைக்கவில்லை. தானே எண்ணிப் பார்த்து, 'பதினேழு இடம் டீச்சர்' என்று வந்து சொன்னாள். இன்னொரு பையனுக்கு ணகர, னகரத் தடுமாற்றம். கைப்பேசியில் தட்டும்போது அதுவே சொல்லைக் காட்டிவிடுகிறது, தேர்வில் காட்டாது. ஆகவே கையால்தான் எழுத வேண்டும். நோட்டை நான் வாங்கித் திருத்துவதில்லை. திருத்துவேன் என்று தெரிந்தால் மறுபடி "இன்றைய நவீன உலகில்" வந்துவிடும்.

பள்ளி விடுமுறைதான் எனக்கு இன்னும் சிக்கலாக இருக்கிறது. காரை நிறுத்துகிற வேலையே இல்லாததால் எழுதும் நேரமும் காணாமல் போய்விடுகிறது. போன விடுமுறையில் ஒரு வாரம் விட்டுப்போனது. பிறகு வேறு வழியில்லாமல், காலையில் வாசலில் நிற்கிற காரில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலயா?" என்று கேட்டார். அன்றைக்கு ஏழு வரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.