டிவியா, மானிட்டரா? ஒரே அறைக்கு ஒரே திரை வாங்கும் முன் இதைப் படிங்க!

வேளச்சேரியில் ஒரு சின்ன வாடகை அறை என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் வொர்க் ஃப்ரம் ஹோம். லேப்டாப்பில் எக்ஸெல் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. வார இறுதியில் படம், கிரிக்கெட். அவ்வப்போது ஊரிலிருந்து அம்மா வந்தால் அவருக்கு சீரியல் வேணும். ஆனால், கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு திரைக்குத்தான்.

32 இன்ச் டிவியா, 24 இன்ச் மானிட்டரா? "டிவியிலதான் எல்லாமே இருக்கே, அதையே வாங்கிடலாமே" என்றுதான் முதலில் தோன்றும். அந்த 'எல்லாமே' நமக்கு எவ்வளவு பயன்படும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ட்யூனர் என்றால் என்ன?

ஆன்டெனா, டிஷ், கேபிள் என எதில் வந்தாலும் சிக்னலில் பல சேனல்கள் சேர்ந்தே வரும். அதில் நமக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்கும் பகுதிதான் ட்யூனர். டிவிக்குள் இது இருக்கும். வழக்கமான மானிட்டரில் இருக்காது. வேறொரு கருவி அனுப்பும் படத்தைக் காட்டுவது மட்டுமே மானிட்டரின் வேலை.

ஸ்மார்ட் வசதி வேறு, ட்யூனர் வேறு. யூடியூப், ஓடிடி எல்லாம் இணையத்தில் ஓடுபவை. அவற்றுக்கு ட்யூனர் தேவையில்லை. ஆப்கள் உள்ள, ஆனால் ட்யூனர் இல்லாத 'ஸ்மார்ட் மானிட்டர்'களும் சந்தையில் உண்டு.

நம் வீட்டில் ட்யூனர் வேலை செய்கிறதா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. கேபிள், டிடிஹெச் இரண்டுக்குமே செட்டாப் பாக்ஸ் வேண்டும். கட்டண சேனல்கள் பூட்டப்பட்டு வருகின்றன. அந்தப் பூட்டைத் திறப்பது பாக்ஸ்தான். பாக்ஸுக்குள்ளேயே ஒரு ட்யூனர் இருக்கிறது. அது தரும் படத்தை ஹெச்டிஎம்ஐ வழியாக வாங்கிக் காட்டும்போது, உங்கள் டிவியும் ஒரு பெரிய மானிட்டர்தான்!

மொட்டை மாடி ஆன்டெனாவில் தூர்தர்ஷன் பார்த்த காலமும் போய்விட்டது. அனலாக் தரைவழி ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

ஒரு முக்கிய விதிவிலக்கு, மாதக் கட்டணம் இல்லாத 'டிடி ஃப்ரீ டிஷ்'. சாட்டிலைட் ட்யூனர் உள்ள டிவி என்றால், டிஷ் ஆன்டெனாவை நேரடியாக இணைத்து, பூட்டப்படாத இலவச சேனல்களைப் பாக்ஸ் இல்லாமலே பார்க்கலாம். இத்தகைய டிவிகளுக்காகவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'ஐஎஸ் 18112:2022' என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. டிவி விவரக் குறிப்பில் 'டிவிபி-எஸ்2' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கட்டண சேனல்கள் மட்டும் இதில் வராது.

எழுத்து படிக்க எது நல்லது?

மானிட்டர் முந்துவது இங்கேதான். 32 இன்ச் 'ஹெச்டி ரெடி' டிவியில் பொதுவாக 1366 x 768 பிக்சல்கள். ஒரு இன்ச்சுக்கு சுமார் 49 பிக்சல். 24 இன்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டரில் சுமார் 92. எட்டு அடி தள்ளி அமர்ந்து படம் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மேஜையில் இரண்டடி தூரத்தில் எக்ஸெல் திறந்தால் எழுத்து உதிர்ந்த மாதிரி இருக்கும்.

43 இன்ச் 4கே டிவியில் இன்ச்சுக்கு சுமார் 102 பிக்சல் வரும். ஆனால், அதைச் சின்ன மேஜையில் வைத்தால் மூலைக்கு மூலை தலையைத் திருப்ப வேண்டும். சில டிவிகளில் லேப்டாப்பை இணைத்தால் ஓரங்கள் வெட்டுப்படும், சின்ன வண்ண எழுத்துகள் மங்கும். செட்டிங்ஸில் 'பிசி மோட்' இருந்தால் ஓரளவு சரியாகும்.

மானிட்டரில் எங்கே மாட்டிக்கொள்வோம்?

* சத்தம்: பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது. தனி ஸ்பீக்கர் செலவையும் கணக்கில் சேருங்கள்.
* பழைய பாக்ஸ்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மட்டுமே உள்ள செட்டாப் பாக்ஸை மானிட்டரில் நேரடியாகச் சொருக முடியாது. ஹெச்டிஎம்ஐ உள்ள பாக்ஸ் வேண்டும்.
* லேப்டாப் வெளியே போனால்: நீங்கள் லேப்டாப்போடு ஆபீஸ் கிளம்பிவிட்டால், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அந்த மானிட்டர் வெறும் கண்ணாடி. ரிமோட்டோடு வரும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் சொருகி வைத்தால், வைஃபை இருக்கும் வரை அவரே சீரியல் போட்டுக்கொள்ளலாம்.

வரி வித்தியாசம் உண்டா?

முன்பு 32 இன்ச்சைத் தாண்டிய டிவி, மானிட்டர்களுக்கு 28% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கும் 18%தான். எனவே, வரிக்குப் பயந்து 32 இன்ச்சோடு நிற்க வேண்டியதில்லை.

அப்போ, யாருக்கு எது?

* தினமும் பல மணி நேரம் மேஜை வேலை, மற்ற நேரம் ஓடிடி: மானிட்டர், ஸ்பீக்கர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக்.
* வேலை ஆபீஸிலேயே முடிந்துவிடும், வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள்: டிவி.
* ஃப்ரீ டிஷ் சேனல்களே போதும்: சாட்டிலைட் ட்யூனர் உள்ள டிவி.
* இரண்டும் ஒரே திரையில் வேணும், இடமும் இருக்கிறது: 4கே டிவி, பிசி மோடோடு.

பணம் கட்டும் முன் லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, உங்கள் எக்ஸெல் ஷீட்டையோ ஒரு தமிழ் மெயிலையோ திறந்து, வீட்டில் உட்காரும் அதே தூரத்திலிருந்து படித்துப் பாருங்கள். புள்ளியும் கொம்பும் தெளிவாகத் தெரியாத திரையில் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்க்க முடியாது.