பாட்டுக்கு அசையும் நிழல்

கேரளத்தில் தமிழ் எங்கே கேட்கும் என்றால், இடுக்கி எல்லையில் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களையும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் சித்தூர் வட்டாரத்தையும் சொல்வார்கள். பாரதப்புழைக் கரையில் உள்ள ஷொரணூர் அந்தப் பட்டியலில் வராது. அங்கே கடைத்தெருவில் மலையாளம்தான். ஆனால் ஜனவரி முதல் மே வரை அந்த வட்டாரத்து பத்ரகாளி கோயில்களில், ஊர் உறங்கப் போன பிறகு, கம்பராமாயணம் பாடப்படுகிறது. தமிழில், விடியும் வரை. பாடுபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது மலையாளம். அவர்கள் பாடப் பாட, வெள்ளைத் துணியில் ராமனும் ராவணனும் அசைகிறார்கள்.

மேடையில் ஒலிக்கும் இசைக்கு ஏற்ப அந்தந்த நொடியில் திரையில் படங்களை அசையவிடுவது இன்று பெருநகரக் கச்சேரிகளில் சகஜம். மைக் வழியாக வரும் ஒலியை கம்ப்யூட்டர் அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. டிரம் அடி விழுந்தால் வட்டம் விரியும். குரல் ஏறினால் நிறம் மாறும். எந்த ஒலிக்கு எந்த அசைவு என்பதைக் கலைஞர் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கிறார். ஒலிக்கும் அசைவுக்கும் நடுவே துளி தாமதம் வந்தாலும் மாயை கலைந்துவிடும்.

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து இந்த வேலையை 21 விளக்குகளை வைத்துக்கொண்டு செய்கிறது. கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்ற நிரந்தரக் கட்டடம். சுமார் 42 அடி நீளம். முன்புறம் குறுக்கே கட்டிய திரையில் மேலே வெள்ளை, கீழே கறுப்பு. பின்னால் ஒரு நீண்ட சட்டத்தில் வரிசையாகத் தேங்காய் மூடிகள். அவற்றில் தேங்காய் எண்ணெய், பஞ்சுத் திரி. பாவைகள் மான் தோலில் செதுக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் அந்த இடத்துக்கு வந்தன. எழுபறை, இலைத்தாளம், சங்கு, சேமக்கலம் என்று வாத்தியங்கள் கொஞ்சம்தான். பாவை ஆட்டுபவரே பாடுகிறார். எனவே பாட்டுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் என்ற பேச்சே இல்லை. இரண்டும் ஒரே உடம்பிலிருந்து வருகின்றன.

கூத்தில் படம் ஓசையை மட்டும் பின்பற்றுவதில்லை, பொருளையும் பின்பற்றுகிறது. முதலில் கம்பன் விருத்தம் ஒன்று பாடப்படும். பிறகு அதற்கு உரை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இலக்கணம், புராணம், சோதிடம், வைத்தியம் என்று எங்கெங்கோ போய்த் திரும்பும் உரை அது. ஒருவர் ஐயம் எழுப்ப, மற்றவர் விளக்குவார். அவ்வளவு நேரமும் பாவை துணியில் முள்ளால் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். அசைவே இருக்காது, விளக்கின் சுடர் காற்றில் ஆடும்போது நிழலின் ஓரம் மட்டும் லேசாக நடுங்கும். யுத்த காண்டம் வந்தால் நிலைமை தலைகீழ். வாத்தியங்கள் வேகமெடுக்க, பாவைகள் துணியில் மோதும்; சுடரில் குங்கிலியப் பொடியை வீசினால் திரை முழுதும் நெருப்பு பற்றிக்கொள்ளும். எப்போது ஆட வேண்டும், எப்போது சும்மா நிற்க வேண்டும் என்று பாட்டின் பொருள் தெரிந்தவருக்கே தெரியும். பாவை ஆட்டுபவரைப் 'புலவர்' என்று அழைப்பது வெறும் உபசாரம் அல்ல. ஆயிரக்கணக்கான பாடல்களும் அவற்றின் உரையும் மனப்பாடமாக வேண்டும். கற்றுத் தேறப் பல வருடங்கள் ஆகும். தமிழ்ப் பாடல்கள் மலையாள எழுத்தில் எழுதி வைக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன. எம்.ஏ. தமிழ் படித்தவர்களில் எத்தனை பேருக்கு நூறு கம்பன் பாடல் நினைவிருக்கும் என்று இங்கே கேட்காமல் விடுவது நல்லது.

தமிழ்நாட்டுத் தோல்பாவைக்கூத்தின் போக்கு வேறு. மராத்தி பேசும் குடும்பங்கள் நடத்தும் அதில் ஆர்மோனியம் உண்டு, பாவைகளில் வண்ணம் உண்டு, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் லூட்டி உண்டு. கூட்டத்தைச் சிரிக்க வைத்தால்தான் உலை கொதிக்கும். பாலக்காட்டில் கூட்டம் ஒரு நிபந்தனையே அல்ல. ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகனோடு போரில் இருந்தாள், அதைப் பார்க்கவில்லை. அவளுக்குக் காட்டவே கூத்து என்பது ஐதீகம். கூத்து 7 இரவு, 14, 21 என்று கோயிலுக்குக் கோயில் மாறும். 71 இரவு வரைகூட நீளும். நள்ளிரவுக்கு மேல் திரைக்கு முன்னால் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. இந்தக் கூத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996ல் வெளியிட்ட நூலில், பார்வையாளர் இல்லாமல் புலவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் இந்த உரையாடலைத்தான் முக்கியமாகக் கவனித்தார். நமக்குக் கம்பன் விழா என்றால் பட்டிமன்றம், கைதட்டல்.

ஷொரணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டி புலவர் (மறைவு 2000) கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். மகன் ராமசந்திர புலவர் 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். இரவுக் கணக்கில் நடந்த கூத்து வெளிமேடைகளில் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. காந்தியின் கதையும் நிழலாக வந்தது. ஆண்களே ஆட்டிவந்த பாவைகளை இப்போது பெண்களும் ஏந்துகிறார்கள். இவையெல்லாம் இல்லாவிட்டால் கலையும் குடும்பமும் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

2021ல் ரோபோவும் வந்தது. திருச்சூரின் இன்கர் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் ராமசந்திர புலவரின் குழுவோடு சேர்ந்து, மோட்டார் இயக்கும் பாவைகளைப் பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காக உருவாக்கியது. கூத்து என்றால் என்னவென்று தெரியாத பயணிக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு அறிமுகம் கிடைக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிரலில் எழுதியதைத்தான் மோட்டார் செய்யும். உரை இன்று நீண்டுவிட்டது, கொஞ்சம் பொறு என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. ஒலியை அந்த நொடியிலேயே கேட்டு அசையும் சாஃப்ட்வேரைப் பொருத்தினாலும் அது தாளத்தையும் சுருதியையும் பிடிக்கும், விருத்தத்தின் பொருளைப் பிடிக்காது.

1926ல் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர், கத்தரித்த நிழலுருவங்களைச் சட்டம் சட்டமாக நகர்த்திப் படம் பிடித்து 'இளவரசர் ஆக்மெத்தின் சாகசங்கள்' என்ற படத்தை உருவாக்கினார். இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அது. உல்ஃப்காங் ட்ஸெல்லர் அதற்கென்றே இசை அமைத்தார். பல போராட்டங்களுக்குப் பிறகு பிலிம் பிழைத்துக்கொண்டது. இன்றும் ஓட்டிப் பார்க்கலாம். கூத்துக்கு அப்படி ஒரு பிலிம் கிடையாது. பாவைகளை அருங்காட்சியகத்தில் வைக்கலாம், பாடல்களை அச்சிடலாம், ஓர் இரவை வீடியோ எடுக்கலாம். நடுஇரவில் ஐயம் எழுப்புபவருக்கு உடனே பதில் சொல்ல, அந்தப் பாடலைக் கற்ற இன்னொருவர் திரைக்குப் பின்னால் விழித்திருக்க வேண்டும். குடும்பத்துப் பிள்ளைகள் காலேஜ், வேலை என்று போனபிறகு அந்த இரண்டாவது ஆளைத் தேடுவதுதான் கூத்துமாடங்களில் இன்று கஷ்டமான காரியம்.